கடை வைத்திருந்த கிரிக்கெட்காரர்: வீட்டுப் பெரியவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

வீட்டில் ஒரு பெரியவர் அந்தக் காலத்தில் கிரிக்கெட் ஆடினார், கூடவே கடையும் நடத்தினார், அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போட வேண்டும், எங்கே தொடங்குவது என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். நான் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். என் அம்மாவைப் பெற்ற பாட்டாவைப் பற்றி அப்படி ஒன்று எழுதி முடித்திருக்கிறேன். கோட்டாறு கம்போளத்தில் கயிற்றுக் கடை வைத்திருந்தவர். 1940களிலும் அதற்குப் பிறகு சில வருடங்களும் நாகர்கோவிலில் கிரிக்கெட் ஆடியவர். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதல் வேலையாக, அவர் எடுத்த ரன்னைத் தேடிப் போகாதீர்கள். கடைக் கணக்கைத் தேடுங்கள்.

எல்லாரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் குழுப்படத்தைப் பார்த்துவிட்டு அதிகபட்ச ஸ்கோர் என்ன, எத்தனை விக்கெட் என்று ஆரம்பிப்பார்கள். ஒரு வாரத்தில் வழி அடைத்துவிடும். ஸ்கோர் புத்தகம் அணிக்குச் சொந்தம். அணி கலைந்த அன்றே அது பழைய பேப்பர்காரனிடம் போயிருக்கும். கடைப் பேரேடு அப்படியில்லை. வரிக்கு வேண்டும், பாகப் பிரிவினைக்கு வேண்டும், கடன் வசூலுக்கு வேண்டும். அதனால் மச்சில் ஒரு தகரப் பெட்டிக்குள் இன்னும் கிடக்கும். அந்தக் கால ஆட்டக்காரர் வாரத்தில் ஆறு நாள் கடையில்தான் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு பெரிய உதாரணம்

கிரிக்கெட் ஆண்டுப் புத்தகத்தால் இன்றும் பெயர் நிற்கிற ஜான் விஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பிரைட்டனில் 1826இல் பிறந்தவர். குள்ளமானவர்தான், ஆனால் வேகமாகப் பந்து போடுவார். சசெக்ஸ் அணிக்காரர். 1850 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தில் வடக்கு அணிக்கும் தெற்கு அணிக்கும் நடந்த ஆட்டத்தில், தெற்கின் இரண்டாவது இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் அவரே எடுத்தார். பத்தும் ஸ்டம்பைத் தெறிக்கவிட்டவை. ஒரு கேட்ச் கூட இல்லை.

சரி, இதோடு நிறுத்தினால் அது ஒரு சாதனைக் குறிப்பு. கொஞ்சம் யோசியுங்கள். பிரைட்டன் இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிற ஊர். அங்கே பிறந்தவர் வடக்கு அணிக்கு எப்படி ஆடினார்? விடை அவருடைய தொழிலில் இருக்கிறது. 1840களின் கடைசியில் அவரும் ஜார்ஜ் பார் என்ற மட்டையாளரும் கூட்டாக, நடு இங்கிலாந்தின் லெமிங்டன் ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் நடத்தினார்கள். அங்கே அவருக்குத் தொழில் தொடர்பு இருந்ததால்தான் வடக்கு அணியில் இடம் கிடைத்தது. அந்தப் பத்து விக்கெட்டுக்குப் பின்னால் ஒரு வியாபாரம் நிற்கிறது. வாழ்க்கையை எழுதுகிறவர் பிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். 1852இல் வில்லியம் கிளார்க்கின் அணியிலிருந்து பிரிந்து, ஜெமி டீன் என்பவரோடு சேர்ந்து போட்டி அணி ஒன்றை உண்டாக்கினார். கிளார்க் நடத்தியவிதம் பிடிக்கவில்லை, சம்பளம் உட்பட. அந்தக் கிளார்க்கும் வியாபாரிதான். விடுதிக்காரப் பெண்மணி ஒருவரைக் கல்யாணம் செய்து, விடுதிக்குப் பின்னால் இருந்த நிலத்தை 1838இல் மைதானமாக்கினார். இன்று டெஸ்ட் நடக்கும் டிரென்ட் பிரிட்ஜ் அதுதான். 1855இல் விஸ்டனும் ஃபிரெட் லில்லிவைட்டும் லண்டனில் கூட்டாகக் கடை போட்டார்கள். மட்டை, பந்து ஒரு பக்கம், சுருட்டு இன்னொரு பக்கம். 1858இல் கூட்டு முறிந்தது. அடுத்த வருடமே இருவரும் ஒரே கப்பலில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார்கள், கிரிக்கெட் அணியின் முதல் வெளிநாட்டுப் பயணத்தில். லில்லிவைட் கூடவே ஒரு அச்சு இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு போனார்.

1863இல் மூட்டு வாதம் வந்து விஸ்டன் ஆட்டத்தை விட்டார். 1864இல் ஒரு ஷில்லிங் விலையில் 112 பக்க ஆண்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய பங்காளி லில்லிவைட் ஏற்கெனவே அப்படி ஒரு புத்தகம் போட்டுக்கொண்டிருந்தார், அதற்குப் போட்டி. முதல் இதழில் பக்கத்தை நிரப்பக் குதிரைப் பந்தய முடிவு, கால்வாய்களின் நீளம், உள்நாட்டுப் போர் நடந்த தேதிகள் என்று என்னென்னவோ போட்டார்கள். லில்லிவைட்டின் புத்தகங்கள் நின்று போயின. விஸ்டன் புத்தகம் அவர் பெயரிலேயே இன்றுவரை வருகிறது. அவர் 1884இல் தன் கடைக்கு மேலே இருந்த வீட்டில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜார்ஜ் பாரின் சகோதரியை நிச்சயம் செய்திருந்தார், கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பெண் இறந்துபோனாள்.

இந்தக் கதையில் ஆட்டத்தையும் கடையையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்தால் இரண்டுமே புரியாது. கூட்டாளி, பகையாளி, சம்பந்தி எல்லாரும் அதே பத்துப் பேர்தான்.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் சென்னையில் புச்சி பாபு நாயுடு. 1868இல் பிறந்து 1908இல் இறந்தவர். பாரி கம்பெனிக்குத் துபாஷ், அதாவது வெள்ளைக்காரருக்கு வியாபார இடைத்தரகர், வேலை பார்த்த குடும்பம். 1888இல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, இந்தியப் பையன்களுக்கு ஆட இடமும் சாமானும் கிடைக்கச் செய்தவர். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் அவர் கிரிக்கெட்டைப் பற்றி எழுத முடியாது.

பேரேட்டை வாசிக்கும் விதம்

பெட்டியைத் திறந்தால் மூன்று வகை நோட்டு இருக்கும். அவசரத்தில் கிறுக்கிய சிட்டை, தினசரி வரவு செலவு எழுதும் நாள்வழி, ஆள்வாரியாகப் பிரித்து எழுதிய பேரேடு. வீட்டார் பேரேட்டைத்தான் பெருமையாக எடுத்துக் காட்டுவார்கள், எழுத்து அழகாக இருக்கும். நமக்கு அதைவிடச் சிட்டை முக்கியம். ஆள் அன்று கடையில் இருந்தாரா இல்லையா என்பது கையெழுத்து மாறுவதில் தெரிந்துவிடும். எங்கள் பாட்டாவின் சிட்டையில் தை, மாசி ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அவர் தம்பியின் கோழிக் கிறுக்கல். சித்திரை முடிந்து மழை தொடங்கினதும் பாட்டாவின் கையெழுத்து திரும்பி வந்துவிடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. நடுவில் கிடைக்கிற மழையில்லாத மாதங்கள்தான் ஆட்டக் காலம். யாரும் எழுதி வைக்காத ஆட்ட அட்டவணை அந்தச் சிட்டையில் இருந்தது.

தேதியில் கவனம் வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். பழைய கணக்கில் கொல்லம் ஆண்டுதான், அதாவது மலையாள வருடக் கணக்குதான் இருக்கும். ஆவணியில் வருடம் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825. கொல்லம் 1117 கார்த்திகை என்றால் 1941. அதே 1117, தை மாதப் பாதியென்றால் 1942. மார்கழி இரண்டு வருடத்திலும் கால் வைக்கும், அங்கே நாளையும் பாருங்கள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பெரியவர் தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் திருவனந்தபுரத்தில் ஆடிக்கொண்டிருப்பார்.

பணமும் அப்படித்தான். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலிப் பக்கம் வியாபாரம் செய்தவர் கணக்கில் இரண்டு ரூபாயும் கலந்து வரும். மொத்தம் அரைச் சக்கரம், முக்கால் சக்கரம் என்று உதைத்தால் பெரியவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். எந்த ரூபாய் என்று பாருங்கள். 1957 ஏப்ரலுக்குப் பிறகு நயா பைசா வந்துவிடும், அதன்பின் தலைவலி இல்லை. தமிழ் எண்களும் மாகாணி, அரைக்கால் போன்ற பின்னக் குறிகளும் வந்தால் பழைய கணக்குப்பிள்ளை குடும்பத்தில் யாரையாவது பிடியுங்கள். மலையாளத்தில் எழுதிய ஆவணம் கிடைத்தால் களியக்காவிளைப் பக்கத்து மூத்தவர்கள் கடகடவென்று வாசித்துவிடுவார்கள்.

இனி எதைத் தேடுவது? அளவைத் தேடுங்கள். எங்கள் பாட்டாவின் பேரேட்டில் 66 அடி நீளத்தில் ஒரு கயிற்றுப் பாய் பற்று எழுதியிருந்தது. கயிற்றுக் கடையில் பாய் விற்பது புதினமில்லை. ஆனால் 66 அடி என்றால் 22 கெஜம். ஸ்டம்புக்கு ஸ்டம்பு உள்ள தூரம். மாதா கோயில் நடுப்பாதைக்கு விரிக்க வாங்கியிருக்கலாமே என்று என் தம்பி வாதாடினான். அடுத்த வரியில் சுத்தியலும் நீள ஆணியும் வாங்கிய கணக்கு இருந்தது. கோயில் தரையில் யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள்.

அந்தப் பாய்க் கணக்கில்தான் மனிதர் யார் என்று எனக்குப் பிடிபட்டது. அவர் அதைத் தர்மக் கணக்கில் எழுதவில்லை. கிளப் பெயரில் கடனாக எழுதியிருந்தார். கிளப் ஒரு சக்கரம்கூடத் திருப்பித் தரவில்லை. தர முடியாது என்பது அவருக்கும் தெரியும், ஏனென்றால் அந்தக் கிளப்பின் பொக்கிஷதாரர் அவரேதான். ஆனாலும் ஒவ்வொரு ஆவணியிலும் புதுப் பேரேட்டில் "முன் பாக்கி" என்று அந்தத் தொகையை மாற்றி எழுதிக்கொண்டே வந்தார். கடைசிப் பேரேடு வரை அது இருந்தது. தாராள மனசுக்காரர் என்று எழுதலாம் என்று நான் நினைத்திருந்தேன். பேரேட்டைப் பார்த்தபின் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். கொடுப்பார், ஆனால் கொடுத்ததை மறக்க மாட்டார். புத்தகத்திலும் அப்படியே எழுதினேன். என் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆச்சி உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

ஆட்களிடம் பேசும்போது

கூட ஆடியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். அப்போது பையன்களாக இருந்தவர்கள்தான் மிச்சம், தண்ணீர் கொண்டு போனவர், ஸ்கோர் எழுதினவர், எல்லைக் கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுத்துப் போட்டவர். இவர்கள்தான் நல்ல சாட்சி. ஆட்டக்காரருக்குத் தன் ஆட்டம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

மத்தியானத் தூக்கம் முடிந்து நாலு மணிக்கு மேல் போங்கள். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். குழுப்படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் போட்டுக் கையில் கொடுங்கள். "ஏழாம் நம்பர் யாரு மாமா?" என்று கேட்டால் பதில் வரும். "அந்தக் காலத்து அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றால் மேடைப் பேச்சுதான் வரும். பெரிய ஸ்கோரைக் கேட்காதீர்கள். மதியச் சாப்பாடு யார் வீட்டிலிருந்து வந்தது, லாரி வாடகை யார் கொடுத்தார், பந்து கிழிந்தால் யார் தைத்தார், காலில் கட்டும் ஒரே ஒரு ஜோடி பேடை எப்படிப் பங்கு போட்டார்கள் என்று கேளுங்கள். கீரிப்பாறைப் பக்கத்தில் வளர்ந்த ஒருவர், உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்ததைக் கை அசைத்தே காட்டினார். தோல் பந்து வாங்க வசதியில்லாத பையன்கள் எப்படி ஆட்டத்துக்குள் வந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

முடிந்தால் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவார். சண்டை வரும், வரட்டும்.

பேச்சை அப்படியே எழுதுங்கள். ஸ்கோர் எழுதின பெரியவர் என்னிடம் சொன்னது: "பாத்துக்க மோளே, உங்க பாட்டா அவுட் ஆனா அம்பயர்கிட்ட வாயத் தெறக்க மாட்டாரு. கடைக்கு வந்த பொறவுதான் எல்லாருக்கும் ஏச்சு. கயிறு வாங்க வந்தவனுக்கும் சேத்து." இதை நல்ல தமிழாக்கி, தோல்வியை அவர் அமைதியாக ஏற்றுக்கொள்வார் என்று எழுதினால் பாதிதான் உண்மை.

குடும்பப் பெருமையைச் சரிபார்த்தல்

"பாட்டா ரஞ்சி ஆடியவர்." இந்த வாக்கியம் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் உலவுகிறது. ரஞ்சிப் போட்டி தொடங்கியதே 1934இல்தான். முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் மதராஸுக்கும் மைசூருக்கும் நடந்து ஒரே நாளில் முடிந்தது. திருவிதாங்கூர்-கொச்சி அணி ரஞ்சிக்குள் வந்தது 1951-52இல். 1957-58இலிருந்து அது கேரள அணி. ஆகவே 1956க்கு முன் நாகர்கோவிலில் ஆடியவரை மதராஸ் அணிப் பட்டியலில் தேடினால் வீண் அலைச்சல். திருவிதாங்கூர்-கொச்சிப் பட்டியலைப் பாருங்கள். அதே காரணத்தால் பழைய சர்க்கார் ஆவணங்களுக்கும் சென்னை எழும்பூர்க் காப்பகத்தைவிடத் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகம்தான் முதலில் போக வேண்டிய இடம்.

ரஞ்சி ஆட்டங்களின் ஸ்கோர் அட்டை அச்சில் இருக்கிறது. பெயர் இருந்தால் ஆடினார். இல்லையென்றால் தேர்வு முகாமுக்குப் போயிருக்கலாம், பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்திருக்கலாம். அதையும் எழுதலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கயிற்றுக் கடையை மூடிவிட்டு முகாமுக்குப் போனவர் என்பதே பெரிய விஷயம்.

ஸ்கோரைப் பார்த்து வெட்கப்படவும் வேண்டாம். கயிற்றுப் பாயில் பந்து எகிறும், திரும்பும். இருபது ரன் அடித்தால் ஊரே பேசும். விஸ்டன் காலத்து ஆட்டங்களிலும் ஒரு அணியே நூறைத் தாண்டாத நாட்கள் உண்டு. ஓவருக்கு நாலு பந்து, கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பந்து போட 1864 வரை விதி இடம் தரவில்லை. எந்தக் காலத்து எண்ணையும் அந்தக் காலத்து மைதானத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வேறு எங்கே தேடலாம் என்றால், பள்ளி, கல்லூரி ஆண்டு மலர்கள். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற பழைய நிறுவனங்களின் நூலகத்தில் முறையாகக் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957இல் திருநெல்வேலிக்கு மாறியது. அந்த இடைப்பட்ட வருடங்களில் நம் பக்கத்துச் செய்தி அதில் தாராளமாக வரும்.

எழுதும்போது

பிறப்பு, படிப்பு, கிரிக்கெட், வியாபாரம், குடும்பம் என்று அறை அறையாகப் பிரிக்காதீர்கள். வருடத்தின் போக்கிலேயே எழுதிப் பாருங்கள். மணக்குடிப் பக்கம் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப் போட்ட மாதம், தும்பு (கயிறு திரிக்கும் நார்) வந்து இறங்கிய மாதம், மழை நின்று பாய் விரித்த மாதம், கடனை வசூலிக்க அலைந்த மாதம். ஆட்டமும் கடையும் தானாகவே கலந்துவிடும். எதிர் அணியில் விக்கெட் கீப்பராக இருந்தவர்தான் கடைக்குத் தும்பு கொடுத்தவர் என்பது எனக்கு அப்படி எழுதும்போதுதான் கண்ணில் பட்டது.

கூட்டு முறிந்த கதை வந்தால் சுருக்கமாக எழுதுங்கள். எந்த வருடம் சேர்ந்தார்கள், எந்த வருடம் பிரிந்தார்கள், கணக்கு எப்படித் தீர்ந்தது, இவ்வளவு போதும். யார் ஏமாற்றினார் என்ற தீர்ப்பு வேண்டாம். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே தெருவில் இருப்பார்கள். விஸ்டனும் லில்லிவைட்டும் பிரிந்த காரணத்தைவிட, பிரிந்தபின் ஒரே கப்பலில் போனது சுவாரசியமானது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மூத்தவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். தேதி தவறு என்றால் திருத்துங்கள். "இது வேண்டாமே" என்றால் ஒரு நாள் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாகத் தாள்களின் பாதுகாப்பு. நம் ஊர் ஈரக்காற்றில் ராமபாணப் பூச்சி பேரேட்டைத் தின்றுகொண்டே இருக்கும். பழைய நோட்டை வெயிலில் காயப் போடாதீர்கள், தாள் ஒடிந்துவிடும். நிழலில் காற்றாட விரித்து, மென்மையான பிரஷால் தூசி தட்டுங்கள். முதலில் அட்டையைப் படம் எடுத்து, அப்புறம் ஒரு பக்கம்கூட விடாமல் வரிசையாகப் போனில் எடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட குழுப்படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுக்கலாம். படங்களை இரண்டு ஊர்களில் இருக்கும் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். புத்தகத்தில் இரண்டு பிரதியை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கும், ஒன்றை அவர் படித்த பள்ளிக்கும் கொடுங்கள். மூலப் பேரேட்டை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள், சொந்தத் தம்பி கேட்டாலும்.